முதலாளித்துவமா, சோசலிசமா: நட்டம் யார் தலையில்?

கேள்வி இதுதான். திருகோணமலையில் உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மூன்று பேர் விவாதப் போட்டிக்கு ஆயத்தமாகிறார்கள். தலைப்பு: "முதலாளித்துவத்தை விடச் சோசலிசமே மேல்." எந்தப் பக்கம் பேசுவது என்பதை மேடையில் வைத்துக் காசு சுண்டித்தான் சொல்வார்களாம். ஆகவே இரண்டு பக்கத்தின் பலமும் பலவீனமும் வேண்டும், உதாரணங்கள் ஊருக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதலில் ஒரு பொறி. யாராவது எழும்பி, "நம் நாட்டின் பெயரிலேயே சோசலிசம் இருக்கிறது" என்று தொடங்குவார். இருக்கிறதுதான். "இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு" என்ற பெயரைத் தந்தது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதைக் கொண்டுவந்ததோ, முந்திய வருடம் இறக்குமதியைத் திறந்துவிட்டு, அதே 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் தொடங்கிய ஜே. ஆர். ஜயவர்தன அரசு. பெயர்ப்பலகையை வைத்து எந்த நாட்டையும் வகைப்படுத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை.

இதே பொறி வெளிநாட்டு உதாரணங்களிலும் உண்டு. சுவீடனைச் சோசலிச நாடு என்பார்கள். அங்கே பெரும்பாலான கம்பனிகள் தனியாருடையவை. வரி அதிகம், அந்த வரியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஓய்வூதியமும் நடக்கின்றன, அவ்வளவுதான். சிங்கப்பூரைச் சுத்த முதலாளித்துவம் என்பார்கள். அங்கே நிலத்தின் பெரும்பகுதி அரசினுடையது. குடியிருப்பாளரில் நூற்றுக்கு 80 பேர் அளவில் அரசு கட்டிய மாடி வீடுகளில்தான் வசிக்கிறார்கள். எதிரணி இந்த இரண்டில் ஒன்றைக் கட்டாயம் இழுக்கும், பதிலைக் கையில் வைத்திருங்கள்.

வரைவிலக்கணத்தை நீட்ட வேண்டாம். நிலம், தொழிற்சாலை, வள்ளம், வலை போன்ற உற்பத்திச் சாதனங்கள் தனியாரிடம் இருந்து, எதை எவ்வளவு ஆக்குவது என்பதை இலாப நோக்கமும் சந்தை விலையும் தீர்மானித்தால் முதலாளித்துவம். அவை சமூகத்திடமோ அரசிடமோ இருந்து, திட்டமோ கூட்டு முடிவோ தீர்மானித்தால் சோசலிசம். இது பாடப்புத்தகத்தில் உள்ளது. விவாதத்துக்கு நான் இன்னொரு கேள்வியைச் சேர்ப்பேன்: கணக்குப் பிழைத்தால் நட்டத்தை யார் கட்டுகிறார்கள்? இரண்டு முறைகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கேள்விக்குள் அநேகமாக அடங்கிவிடும்.

சந்தையின் பலத்திலிருந்து தொடங்குவோம். விடியப்புறம் கரைவலை இழுத்தாயிற்று, மடி நிறையக் கீரி மீன் என்று வையுங்கள். ஏலத்தில் விலை விழுகிறது. விழுந்த உடனே கருவாடு போடுகிறவர் வாங்க வருகிறார். கூலர் லொறிக்காரர் ஐஸ் விலையையும் டீசலையும் கூட்டிப் பார்த்து, கண்டிக்கு ஏற்றினால் கட்டுமா என்று போனில் கேட்கிறார். சைக்கிளில் பெட்டி கட்டி விற்பவர் வழமையான ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி எடுக்கிறார். கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகத்திலிருந்து) யாரும் கடிதம் அனுப்பவில்லை. "இன்றைக்கு மீன் கூட" என்ற ஒரு செய்தி, விலை என்ற ஒரே எண்ணாகச் சுருங்கி, ஒன்பது மணிக்குள் அத்தனை பேரின் முடிவையும் மாற்றிவிடுகிறது. பிழையாகக் கணக்குப் போட்ட லொறிக்காரர் தன் சொந்தக் காசை இழப்பார். அடுத்த முறை கவனமாக இருப்பார், அல்லது தொழிலை விட்டுப் போவார்.

ஒஸ்திரியப் பொருளியலாளர் மீசஸ் 1920இல் முன்வைத்த வாதம் இதன் மறுபக்கம். உற்பத்திச் சாதனங்களுக்குச் சந்தை இல்லையென்றால் அவற்றுக்கு உண்மையான விலை இல்லை. விலை இல்லாவிட்டால் இருக்கும் ஐஸைச் சூரை மீனுக்குப் போடுவதா பாரை மீனுக்குப் போடுவதா என்று திட்டம் போடுகிறவர் கணக்குப் பார்க்கவே வழி இல்லை. 1945இல் ஹயெக் இதை இன்னொரு படி நகர்த்தினார்: தேவையான தகவல் ஆயிரம் பேரின் தலைகளில் சிதறிக் கிடக்கிறது, அதை ஒரு மேசையில் கொண்டுவந்து குவிக்க முடியாது. சோவியத் ஒன்றியத்தில் இலட்சக்கணக்கான பொருட்களுக்கு அதிகாரிகள் விலை எழுதினார்கள். ஒரு பொருள் கடையில் மலையாகக் கிடக்க, இன்னொன்றுக்கு வரிசை நீண்டது.

அங்கே விவசாய நிலத்தில் சுமார் 3 வீதமான, தனிக் குடும்பங்களின் வீட்டுத் தோட்டங்கள் விளைச்சல் பெறுமதியில் நாலில் ஒரு பங்கு அளவைத் தந்தன என்ற தரவை முதலாளித்துவ அணி விரும்பி எடுக்கும். எடுக்கலாம், ஆனால் அரைவாசி உண்மை. அந்தத் தோட்டங்களில் மரக்கறி, முட்டை, பால் போன்ற விலை கூடியவை விளைந்தன. மாட்டுக்குத் தீனி கூட்டுப்பண்ணையிலிருந்தே வந்தது. இதைத் தெரிந்த எதிரணி இருந்தால் அந்த இடத்திலேயே மாட்டுப்படுவீர்கள்.

உள்ளூரில் இன்னும் பாதுகாப்பான உதாரணம் தொலைபேசி. அரச திணைக்களம் மட்டும் இணைப்புக் கொடுத்த காலத்தில் விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1989இல் முதலாவது கைத்தொலைபேசிக் கம்பனி வந்தது, பிறகு போட்டிக்கு வேறு கம்பனிகள் வந்தன, 1997இல் அரசிடம் இருந்த ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 வீதம் ஜப்பானின் என்.டி.டி. கம்பனிக்குப் போனது. காத்திருப்புப் பட்டியல் என்ற சொல்லே மறந்துபோயிற்று. வாடிக்கையாளர் கம்பனியை மாற்றக்கூடிய இடத்தில் போட்டி வேலை செய்யும். இந்த நிபந்தனையை அடிக்கோடிட்டு வையுங்கள், ஏனென்றால் அடுத்து வருவது அது இல்லாத இடம்.

அதே கடற்கரையில் முற்பணம் என்று ஒன்று உண்டு. வெளியிணைப்பு இயந்திரம் வாங்கவோ வலை வாங்கவோ வங்கி கேட்கிற பிணை மீனவரிடம் இல்லை. மீன் வாங்கும் முதலாளி காசு கொடுக்கிறார், பத்திரம் இல்லை, சில வேளை வட்டியும் இல்லை. ஒரே நிபந்தனை, பிடிக்கிற மீனை அவரிடம்தான் போட வேண்டும். விலையை அவர் சொல்வார், நிறுவையும் அவருடையது. கிலோவுக்கு 50 ரூபா குறைத்து எடுத்தால், ஒரு நாளைக்கு 40 கிலோ போடுகிறவருக்கு 2,000 ரூபா. மாதத்தில் 20 நாள் கடலுக்குப் போனால் 40,000 ரூபா. (இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காக, உங்கள் கரையில் விசாரித்து உண்மையான எண்களைப் போடுங்கள்.) முதல் கடன் அப்படியே நிற்கும். கடல் கொந்தளித்து வெறுங்கையோடு வந்த நாளில் எண்ணெய்ச் செலவு மீனவருடையது. சந்தையில் இரண்டு பேரும் சுதந்திரமாக உடன்பட்டார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒருவருக்கு வேறு வழி இல்லாதபோது அந்தச் சுதந்திரத்தின் நிறை எவ்வளவு என்று சோசலிச அணி கேட்க வேண்டும். மார்க்ஸ் கூலித் தொழிலாளியைப் பற்றிச் சொன்னதன் சாரமும் அதுதான்.

மறுதரப்பு நியாயமும் உண்டு. மீனவர் கடனோடு ஊரை விட்டுப் போனால் முதலாளிக்கு அந்தக் காசு போனதுதான். வங்கி ஏற்காத ஆபத்தை அவர் ஏற்கிறார். பரிகாரம் என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைச் சொன்னால், அது எங்கே பழுதாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிர்வாகத்தில் இருப்பவரின் சொந்தக்காரருக்கு முதலில் கடன், அது திரும்பி வராதபோது கேட்க யாருக்கும் முகம் இல்லை, கணக்காய்வு இரண்டு வருடம் பிந்துகிறது, சேமித்தவர்கள் காசை எடுக்கத் தொடங்குகிறார்கள். சங்கத்தின் காசு "எல்லோருடைய காசு" ஆகும்போது அதைக் காக்கிற பொறுப்பு ஒருவருடையதாகவும் இல்லாமல் போகிறது.

சோசலிசப் பக்கத்தின் அசைக்க முடியாத வாதம் சுகாதாரம். கந்தளாயில் வயலுக்குள் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடிக்கிறது. விஷமுறிவு மருந்து 10 குப்பியோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டும். மருந்து இறக்குமதி, விலை கூடியது. அந்த நேரத்தில் அவர் மூன்று ஆஸ்பத்திரியில் விலை விசாரித்து மலிவானதைத் தெரிவு செய்யப் போவதில்லை. எப்போது கடிக்கும் என்று தெரியாது, கடித்தால் செலவைத் தாங்க முடியாது. இப்படிப்பட்ட நட்டத்தை எல்லோர் தலையிலும் பகிர்வதுதான் மலிவு. தனியார் காப்புறுதி பகிரலாமே என்றால், வயலில் வேலை செய்பவரிடம் அது கூடக் கட்டணம் கேட்கும், அல்லது சேர்க்காமலே விடும். ஆபத்துக் குறைந்தவர்கள் கட்டணம் கூட என்று விலகுவார்கள், மிஞ்சியவர்களின் கட்டணம் இன்னும் ஏறும். வருமானம் குறைந்த காலத்திலேயே இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பும் எழுத்தறிவும் தன் தரத்து நாடுகளை விட உயர்ந்து நின்றதற்கு இலவச வைத்தியமும் 1945இலிருந்து வந்த இலவசக் கல்வியும் முக்கிய காரணங்கள். எதிரணியில் பேசுகிற பிள்ளையும் அந்தப் படிப்பில்தான் வந்திருப்பார். (இதை மேடையில் தனிப்பட்ட குத்தலாகச் சொல்லாதீர்கள், புள்ளி குறையும்.)

சரி, சோசலிசம் எங்கே உடைகிறது? ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய், அந்த முறைக்குள் வாழ்ந்தே இதை எழுதினார். அரச நிறுவனம் நட்டப்பட்டால் திறைசேரி காசு கொடுக்கும் என்று முகாமையாளருக்குத் தெரியும். பாத்திரம் ஓட்டையென்றாலும் மேலிருந்து ஊற்றுவார்கள். ஆகவே செலவைக் குறைக்கத் தேவையில்லை. மூலப்பொருளைத் தேவைக்கு மேல் கேட்டுப் பதுக்கலாம். எல்லோரும் அப்படிச் செய்வதால் எப்போதும் தட்டுப்பாடு. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையை இதற்கு உதாரணமாக எடுக்கத் தோன்றும். செக்கோசிலோவாக்கிய உதவியோடு 1960 அளவில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட அரச ஆலை அது. எடுப்பதென்றால் உள்நாட்டுப் போரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுப் பழியையும் அரச உடைமை மேல் போட்டால் எதிரணி பிடித்துவிடும்.

இதைவிட எண்ணால் நிறுவக்கூடியது அரிசி. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. ஒரு கிலோ நெல் குற்றினால் சுமார் 650 கிராம் அரிசி என்று எடுங்கள். நெல் கிலோ 120 ரூபாவென்றால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கிற நெல்லின் செலவு 120ஐ 0.65ஆல் பிரித்து, ஏறக்குறைய 185. குற்றுகூலி, சாக்கு, லொறி, கடைக்காரர் பங்கு எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 45 ரூபா; இழுத்துப்பறித்துச் செய்யலாம். நெல் 150 ஆனால்? 231. ஆலை ஓட முதலே உச்ச விலை தாண்டிவிட்டது. அப்போது நாட்டரிசி தட்டிலிருந்து மறையும், அல்லது அதே அரிசி வேறு பெயரில் வேறு சாக்கில் வரும், அல்லது பின்கதவால் விற்கும். அந்தப் பருவத்தில் கடைகளில் நாட்டரிசியும் சிவப்பரிசியும் தேடித் திரிந்ததையும், அரிசி இறக்குமதிக்கு வழி திறக்க வேண்டி வந்ததையும் எல்லோரும் அறிவோம். வர்த்தமானியில் எழுதின விலை நெல்லின் விலையை மாற்றாது. சோசலிச அணிக்கு மறுமொழி ஒன்று உண்டு: சந்தையில் கணிசமான பங்கு சில பெரிய ஆலைகளின் களஞ்சியத்துக்குள் இருந்தால், விலை ஏறும்வரை அடைத்து வைக்க அவர்களால் முடியும், அதைப் போட்டி என்று எப்படிச் சொல்வது?

மறுமுனையில் விவசாயிக்கு உத்தரவாத விலை. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்தது நெல் கிலோவுக்கு நாட்டரிசி வகை 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. அறுவடை இயந்திரம் கொட்டுகிற நெல் அதைவிட எவ்வளவோ ஈரம். காய வைக்கத் தளம் வேண்டும், நாலு வெயில் வேண்டும், சாக்கும் லொறியும் வேண்டும். அவ்வளவு நாளும் உரக்கடைக்காரரும் இயந்திரக்காரரும் பொறுக்க வேண்டும். வயல் வரம்புக்கே தராசோடு வந்து ஈர நெல்லுக்குக் கையில் காசு வைக்கிற வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போவது முட்டாள்தனம் அல்ல. ஆகவே அறிவித்த விலை காய வைக்க வசதியுள்ளவருக்குக் கிடைக்கிறது, யாருக்காக அறிவித்தார்களோ அவருக்கு அல்ல. சோசலிசத் திட்டங்கள் பலவற்றின் பழுது கொள்கையில் இல்லை, இப்படியான சிமெந்துத் தளத்தில் இருக்கிறது.

வரலாற்றிலிருந்து ஒன்று கட்டாயம் வேண்டும்: 1970 தொடக்கம் 1977 வரை நடந்த சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சி. 1972 நிலச் சீர்திருத்தத்தில் உச்ச வரம்பு நெற்காணி 25 ஏக்கர், மற்றக் காணி 50 ஏக்கர். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. இறக்குமதியை இறுக்கினார்கள். ஒருபக்கம் பாணுக்கு விடியற்காலை வரிசை, சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்த அரிசி, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போனால் சோதனைச் சாவடி. மறுபக்கம் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் பொன் விலை. அந்தக் காசில் எழுந்த கல்வீடுகள் எத்தனையோ. 1977இல் கதவு திறந்தது: பாண் வரிசை போனது, கடை நிறைந்தது, வெங்காயச் செய்கையாளர் விழுந்தார். ஒரே கொள்கை வரிசையில் நின்றவருக்குத் தண்டனை, தோட்டக்காரருக்கு வரம். "மக்களுக்கு நல்லதா" என்று மொத்தமாகக் கேட்காமல் எந்த மக்களுக்கு என்று பிரித்துக் கேட்கிற அணிக்கு நடுவர் காது கொடுப்பார்.

பங்கீடு எப்போதும் தோற்கும் என்றும் சொல்லாதீர்கள். 2022 யூலையில் டொலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பல் வரவில்லை. விலை 450 ரூபாவுக்கு மேல் போயும் பெற்றோல் வரிசை குறையவில்லை. கியூ ஆர் அட்டை வந்து, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று அளந்த பிறகுதான் மனிதர் இரவில் வீட்டில் படுத்தார்கள். உடனடியாகக் கூட்ட முடியாத பொருளை விலை மட்டும் பங்கிட்டால் காசுள்ளவர் காரிலும் மற்றவர் நடந்தும் போவார்கள். குறுகிய காலத்துக்குப் பங்கீடு நியாயமாகவும் ஒழுங்காகவும் வேலை செய்யும். வருடக்கணக்கில் வைத்திருந்தால் கள்ளச் சந்தை முளைக்கும்.

மானியத்தை நீக்கும் விதமும் ஒரு விவாதப் பொருள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் எரிக்கிற சிறு வள்ளத்துக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800. விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்தால் மானிய எண்ணெய் வேறு பாவனைக்குக் கசியும் என்பது உண்மை. கசிவை நிறுத்தின நட்டத்தைக் கட்டியது கரையில் நின்ற வள்ளம் என்பதும் உண்மை. 1953இல் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சந்தை விலைக்குப் போவது சரி என்று பேசுகிற அணி, போகும் வழியில் யாருக்கு என்ன நஷ்டஈடு என்று சொல்லாவிட்டால் அந்த இடத்தில் அடி விழும்.

பிணக்கணக்குப் பேசத் தொடங்கினால் சீக்கிரம் வெளியே வாருங்கள். சீனாவில் 1959 முதல் 1961 வரை திட்டமிட்ட பொருளாதாரத்தின் பஞ்சம்; வங்காளத்தில் 1943இல் போர்க்கால ஆட்சியின் கீழ் சந்தையில் நெல் விலை எட்டாமல் போன பஞ்சம். அமர்த்திய சென் இரண்டையும் ஆராய்ந்து காட்டியது, பத்திரிகை சுதந்திரமும் போட்டித் தேர்தலும் இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் நிகழ்வதில்லை என்பது. வேலை தருவதும் வீடு தருவதும் பத்திரிகை அச்சடிப்பதும் ஒரே கையாக இருந்தால் பிழையைச் சொல்ல ஆள் இருக்காது. பத்திரிகைகளை நாலு முதலாளிகள் வாங்கிவிட்டாலும் அதே கதை மெல்ல நடக்கும்.

அரசா தனியாரா என்ற இரண்டே வழிதான் என்று எதிரணி கட்டிப்போட்டால் திருகோணமலையின் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டலாம். இரண்டாம் உலகப் போரை ஒட்டி வெள்ளைக்காரர் கட்டியவற்றில் எஞ்சியவை 99 தாங்கிகள். 2022 ஒப்பந்தப்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். லங்கா ஐ.ஓ.சி.யின் தாய்க் கம்பனியோ இந்திய அரசின் நிறுவனம். இதில் எது முதலாளித்துவம், எது சோசலிசம் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கடைசியாகக் கடல். அது யாருடைய சொத்தும் இல்லாததால் டைனமைட் போடுகிறவருக்கு இன்றைய மீன் இலாபம், நாளைய நட்டம் எல்லோருக்கும். தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, கடற்படையை ஒவ்வொரு வள்ளத்துக்கும் காவல் வைக்கவும் முடியாது. 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் இப்படியான பொதுச் சொத்துகளை ஊரவர்களே விதி வகுத்துக் காத்த இடங்களையும் காக்கத் தவறிய இடங்களையும் ஒப்பிட்டார். தவறிய இடங்களில் ஒன்று இலங்கையின் தென்கரையில் மாவெல்ல. அங்கே கரைவலை போட முறை இருந்தது, யாருடைய வலை எந்த நாள் எந்த இடம் என்று பிசகாமல் நடந்தது. எத்தனை வலை சேரலாம் என்ற எல்லையை மட்டும் யாராலும் காக்க முடியவில்லை. மீன் விலை ஏற ஏறப் புதிய வலைகள் சேர்ந்தன, ஒவ்வொருவருக்கும் முறை வருகிற நாள் தள்ளிப்போனது, வலைக்குப் போட்ட காசைத் திருப்பி எடுக்கவே போதாத அளவுக்குப் பங்கு சுருங்கியது. உங்கள் கரையில் முறை எழுதுகிற கொப்பி யாரிடம் இருக்கிறது, புது வலைக்கு இடம் உண்டா இல்லையா என்று யார் சொல்கிறார் என்பதைப் போட்டிக்கு முதல் ஒரு பின்னேரம் போய்க் கேட்டுக் குறித்து வையுங்கள். எதிரணியிடம் அந்தக் குறிப்பு இருக்காது.